அரம் தொட்ட வெண்கலம்: பிரான்குசியின் பறவையும் இந்தூரில் எழாத கோயிலும்

1926ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘பாரிஸ்’ என்னும் பயணிக் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் இருபது சிற்பங்கள் அதில் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தன. பிரம்மர் கலைக்கூடத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக அவற்றோடு பயணம் செய்தவர் ஓவியர் மார்செல் துஷாம். சுங்க அலுவலர்கள் பெட்டி ஒன்றைத் திறந்தபோது ஏறத்தாழ நாலரை அடி உயரமுள்ள மெலிந்த வெண்கல வடிவம் ஒன்று வெளிப்பட்டது. அடியில் குறுகி, நடுவில் சற்றே பருத்து, உச்சியில் சாய்வாக வெட்டுண்டு முடிந்த அவ்வடிவத்திற்குத் தலையில்லை, சிறகில்லை, அலகும் காலும் இல்லை. மேற்பரப்பு முழுவதும் கண்ணாடிபோல் மெருகேறியிருந்தது. உடன்வந்த ஆவணமோ அதனைப் ‘பறவை’ என்றது.

கலைப்படைப்புகளுக்கு அன்றைய அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் வரிவிலக்கு அளித்திருந்தது. அலுவலர்கள் இப்பொருளைக் கலையென ஏற்கவில்லை. சமையலறைக் கலங்கள், மருத்துவமனைச் சாதனங்கள் ஆகியவற்றுக்குரிய வகையில் அதனைச் சேர்த்து, உலோகத்தால் செய்யப்பட்ட பொருள் என்ற அடிப்படையில் 40 விழுக்காடு வரி கோரினர். இவ்வாறு தொடங்கியதே ‘பிரான்குசி எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்னும் வழக்கு.

நவீனக் கலை வரலாற்று நூல்களில் இவ்வழக்கு பெரும்பாலும் அறியாமைமீது நவீனத்துவம் கொண்ட வெற்றியாக, சற்று நகைச்சுவையோடு எடுத்துரைக்கப்படுகிறது. அது பறவையா இல்லையா என்ற கேள்வியே அக்கதையில் முதன்மை பெறுகிறது. சாட்சியங்களைப் பொறுமையோடு படித்தால், அதற்கு இணையான மற்றொரு கேள்வியும் அங்கே எழுப்பப்பட்டது தெரியவரும். வார்ப்படச் சாலையில் உருக்கி ஊற்றப்பட்ட ஒரு வெண்கலப் பொருள் எந்தக் கணத்தில், யாருடைய கையால் மூலப்படைப்பு ஆகிறது என்பதே அக்கேள்வி. பிரான்குசியின் வாழ்நாள் உழைப்பே அதற்கு விடையாக இருந்தது. அதே பறவை வரிசையைச் சேர்ந்த மற்றொரு வெண்கலம் பின்னர் இந்தியாவிற்கு வந்து, தனக்கென எழுப்பப்படவிருந்த கோயிலுக்காகக் காத்திருந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய வெண்கலம் எதைக் கோரியது என்பது விளங்கும்.

பிரான்குசி 1876 பிப்ரவரி 19 அன்று, கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள ஹோபித்சா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதில் ஆடு மேய்த்தார். அவ்வூர் வீடுகளின் தூண்களும் கதவுகளும் மரச்செதுக்கு வேலைப்பாடு நிறைந்தவை. அவருடைய கை முதலில் பழகியது மரத்தில்தான். 1894 முதல் 1898 வரை கிரயோவா நகரின் கலை மற்றும் கைத்தொழிற் பள்ளியிலும், பின்னர் 1902 வரை புக்காரெஸ்ட் நுண்கலைப் பள்ளியிலும் பயின்றார். அங்கே மருத்துவர் டிமிட்ரி ஜெரோட்டாவின் வழிகாட்டுதலில் அவர் உருவாக்கிய, தோலுரித்த மனித உடலின் தசையமைப்புச் சிற்பம் மருத்துவ மாணவர்களின் பாடத்திற்கே பயன்பட்டது. பிற்காலத்தில் உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சென்றவர், அவ்வுறுப்புகளை நரம்புவரை அறிந்தவராக இருந்தார் என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

மூனிக் வழியாக, பெரும்பகுதியும் கால்நடையாகவே பயணம் செய்து 1904இல் அவர் பாரிஸை அடைந்தார். உணவகத்தில் தட்டுக் கழுவியும், ருமேனியத் தேவாலயத்தில் வழிபாட்டுப் பணி செய்தும் வாழ்ந்தவாறே 1905இல் அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1907இல் ஒகுஸ்த் ரொதானின் பட்டறையில் உதவியாளராக இடம் கிடைத்தது. அக்காலத்தில் இளஞ்சிற்பி ஒருவருக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இருந்திருக்க முடியாது. ஆயினும் சிறிது காலத்திலேயே அவர் அங்கிருந்து விலகினார். பெருமரத்தின் நிழலில் வேறெதுவும் வளராது என்று அவர் காரணம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அவ்விலகலில் தற்சார்பு வேட்கையோடு தொழில்முறை பற்றிய கருத்து வேறுபாடும் அடங்கியிருந்தது. அதனை உணர, அன்றைய ஐரோப்பாவில் வெண்கலச் சிற்பம் எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காணவேண்டும்.

செப்புத் திருமேனிகளை அறிந்தவர்களுக்கு வார்ப்பின் அடிப்படை புதிதன்று. நம் ஸ்தபதியர் மரபில் மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். மெழுகுரு அழிந்துவிடுவதாலும் அச்சை உடைத்தே திருமேனியை எடுப்பதாலும் ஒவ்வொரு வார்ப்பும் ஒன்றே ஒன்றாக நிற்கிறது. அச்சிலிருந்து வெளிவரும் உருவம் கரடுமுரடானது. அரத்தாலும் உளியாலும் அதைச் சீர்செய்து அணிகளையும் முகத்தையும் தெளிவாக்கும் வேலைக்கு வார்ப்பைக் காட்டிலும் நெடுநாள் பிடிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நடைமுறை வேறு. சிற்பி களிமண்ணில் உருவம் சமைப்பார். அதிலிருந்து பிளாஸ்டர் படி எடுக்கப்படும். அந்தப் படி அழியாமல் இருப்பதால் அதிலிருந்து மீண்டும் மீண்டும் வெண்கலத்தில் வார்க்கலாம். வார்ப்பவர் ஒருவர், இணைப்புகளைச் சீர்செய்பவர் ஒருவர், அமிலங்களால் நிறமேற்றுபவர் ஒருவர் என வேலை பிரிந்திருந்தது. சிற்பியின் கை களிமண்ணோடு நின்றுவிடுவதும் உண்டு. ரொதானின் பட்டறை இம்முறையின் உச்சம். தம் படைப்புரிமைகளை 1916இல் அவர் பிரெஞ்சு அரசிடம் ஒப்படைத்ததால், அவர் மறைந்த பிறகும் அவருடைய உருவங்கள் சட்டப்படியே வார்க்கப்பட்டு வருகின்றன. இம்முறையில் வெண்கலம் என்பது வேறொரு பொருளில் முன்பே முடிந்துவிட்ட சிற்பத்தின் நிலைத்த பதிவாகும்.

பிரான்குசி இதனை ஏற்கவில்லை. ரொதானைப் பிரிந்த உடனே, 1907–08இல், கல்லை நேரடியாகச் செதுக்கி ‘முத்தம்’ என்னும் சிற்பத்தைச் செய்தார். பிளாஸ்டர் மாதிரியோ கல்தச்சர் உதவியோ இன்றி, கல்லின் கனசதுரத் தன்மை மறையாதவாறு இரு உருவங்கள் அதில் தழுவி நிற்கின்றன. கல்லுக்கும் மரத்துக்கும் நேர்ச்செதுக்கல் எளிதில் பொருந்தும். வெண்கலத்தை யாரும் பாறையிலிருந்து செதுக்க முடியாது. அது வார்க்கப்பட்டே ஆகவேண்டும். அவ்வாறெனில், பொருளோடு கை நேரடியாக உறவாட வேண்டும் என்று நம்பிய ஒரு சிற்பிக்கு வெண்கலத்தில் இடம் உண்டா?

1910இல் உருவான ‘உறங்கும் கலைத்தேவி’ இதற்கு அவர் கண்ட முதல் விடைகளுள் ஒன்று. முதலில் பளிங்கில் செதுக்கிய தலையை அவர் பின்னர் வெண்கலத்தில் வார்த்தார். கழுத்தும் தோளும் இன்றி, முட்டைபோல் பக்கவாட்டில் படுத்திருக்கும் அத்தலையில் கண்ணிமைகள் மெல்லிய கோடுகளாகவும் மூக்கு ஒரு நீண்ட விளிம்பாகவும் மட்டுமே தெரிகின்றன. பீடத்தின்மேல் நிமிர்ந்து நிற்கும் மார்பளவுச் சிற்பம் என்ற நெடுங்கால ஐரோப்பிய மரபு இங்கே கைவிடப்பட்டது. ஒரே பிளாஸ்டரிலிருந்து பிறந்த வெண்கலத் தலைகள்கூட ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒவ்வொன்றின் மெருகும் நிறமும் கோடுகளின் அழுத்தமும் வேறுபடுகின்றன. வார்ப்பு வந்தபின் சிற்பியின் கை அதன்மேல் புதிதாக வேலை செய்ததே அவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

அவர் கையாண்ட முறை இதுதான்: பிளாஸ்டர் மாதிரியோடு உலோகக் கலவை பற்றிய குறிப்புகளையும் வார்ப்பவரிடம் கொடுப்பார். கரடான வார்ப்பு பட்டறைக்கு வந்ததும் அதன் காற்றுத்துளைகளை அடைப்பார். வடிவத்தை அரத்தால் திருத்துவார். அதன்பின் மிக நுண்ணிய குருந்தத்தூள் கொண்டு நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெருகிடுவார். இவ்வேலையைப் பிறரிடம் விடமாட்டார். ரொதானின் வெண்கலங்களில் களிமண்ணை அழுத்திய விரல்தடங்கள் தெரியும். சிற்பி அங்கே இருந்தார் என்பதற்கு அவையே சான்று. பிரான்குசியின் வெண்கலத்தில் விரல்தடம் ஒன்றும் இல்லை. கையின் தடம் முற்றிலும் மறையும்வரை கை உழைத்திருக்கிறது. இயந்திரத்தில் செய்ததுபோல் தோன்றும் பரப்பு, உண்மையில் மிக நெடிய கையுழைப்பின் விளைவு. நியூயார்க் அலுவலர்களை ஏமாற்றியதும் இதுவே.

மெருகுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மெருகேறிய வெண்கலம் எதிரே இருப்பதைத் தன்னுள் வாங்குகிறது. சாளரமும், பார்வையாளரும், அருகிலுள்ள கல்லும் அதன் பரப்பில் வளைந்து நகர்கின்றன. வடிவம் ஒன்றாயினும் காலையில் தெரிவது மாலையில் தெரிவதில்லை. இதனால் சிற்பம் நிற்கும் இடமும் அங்கே விழும் ஒளியும் சிற்பத்தின் பகுதிகளாகிவிடுகின்றன. பிரான்குசி இதை நன்கு உணர்ந்திருந்தார். தம் சிற்பங்களுக்குரிய பீடங்களைச் சுண்ணாம்புக் கல்லிலும் ஓக் மரத்திலும் தாமே செதுக்கினார். 1921 முதல் ஒளிப்படக் கலைஞர் மான் ரேயின் உதவியோடு பட்டறையில் இருட்டறை அமைத்து, தம் சிற்பங்களைத் தாமே படம் பிடித்தார். உலோகத்தில் ஒளி பட்டுச் சிதறி, வடிவத்தின் விளிம்பே கரையும் கணங்களை அப்படங்கள் பதிவுசெய்கின்றன. ‘லேடா’ என்னும் வெண்கலத்தை மெருகிட்ட உலோகத் தட்டொன்றின்மேல் ஏற்றி, விசையால் மெல்லச் சுழலவிட்டுத் தம் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்.

பறவை வரிசை இவை அனைத்தும் ஒன்றுசேரும் இடம். அதன் தொடக்கம் ‘மாயஸ்த்ரா’; ருமேனிய நாட்டார் கதைகளில் வரும் மாயப்பறவை. 1910க்குப் பிந்தைய அச்சிற்பங்களில் திறந்த அலகும், நிமிர்ந்த கழுத்தும், பருத்த மார்பும், காலும் தெளிவாகவே உள்ளன. ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் அவ்வரிசையின் வெண்கலம் ஒன்றை வாங்கிப் பாரிஸுக்கு அருகிலிருந்த தம் தோட்டத்தில் நிறுத்தினார். 1919ஐ ஒட்டிய ‘பொற்பறவை’யில் காலும் அலகும் உடலோடு ஒன்றின. 1923 முதல் ‘வானவெளியில் பறவை’ என்னும் இறுதி வடிவம் தோன்றியது. பறவை மறைந்தது, பறத்தல் எஞ்சியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஏழு பறவைகளைப் பளிங்கிலும் ஒன்பதை வெண்கலத்திலும் அவர் செய்தார். உயரம், அடிப்பகுதியின் குறுக்கம், உச்சி வெட்டின் சாய்வு ஆகியவற்றில் அவை நுட்பமாக மாறுபடுகின்றன. தம் படைப்பை அருவச் சிற்பம் எனப் பிறர் அழைத்ததை அவர் விரும்பியதில்லை. பொருளின் புறத்தோற்றத்தைவிட அதன் சாரமே மெய்யானது என்பதும், அதைத் தேடுபவரை அருவவாதி எனல் தவறு என்பதும் அவர் நிலைப்பாடு.

நியூயார்க்கில் சிக்கிய பறவை ஸ்டைக்கனுக்கு உரியது. 600 டாலருக்கு அவர் அதனை வாங்கியிருந்தார். பிணையத்தின் பேரில் சிற்பங்கள் விடுவிக்கப்பட்டுக் கண்காட்சி நடந்தேறியது. 1927 பிப்ரவரியில் சுங்க மதிப்பீட்டாளர் வரிவிதிப்பை உறுதிசெய்தார். புரவலரும் சிற்பியுமான கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி செலவை ஏற்க முன்வந்ததால் மேல்முறையீடு சுங்க நீதிமன்றத்தை அடைந்தது. 1927 அக்டோபரில் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர்.

வரிவிலக்குப் பெறுவதற்குச் சட்டம் விதித்திருந்த நிபந்தனைகள் தெளிவானவை. பொருள் தொழில்முறைச் சிற்பியால் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது மூலப்படைப்பாக இருக்க வேண்டும். படிகள் இரண்டுக்குமேல் கூடா. அதற்குப் பயன்பாட்டு நோக்கம் எதுவும் இருக்கக் கூடாது. இவற்றோடு 1916ஆம் ஆண்டின் முந்தைய தீர்ப்பொன்று, சிற்பம் என்பது இயற்கைப் பொருள்களை, சிறப்பாக மனித உருவத்தை, அவற்றின் உண்மையான அளவுகளில் போலச்செய்வது என வரையறுத்திருந்தது. அரசுத் தரப்பு இவ்வரையறையையே பெரிதும் பற்றி நின்றது.

ஆகவே பறவைத்தன்மை குறித்த வினாக்கள் எழுந்தன. காட்டில் இதைக் கண்டால் சுடுவீரா என்ற பொருளில் ஸ்டைக்கனிடம் கேட்கப்பட்டது. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் பண்டைய எகிப்தின் கல் பருந்து ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினார். இறகும் காலும் விளங்காத அவ்வுருவத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாக உலகம் பருந்தென ஏற்றிருக்கிறதே என்பது அவர் வாதம். அரசுத் தரப்பில் சாட்சியளித்த சிற்பிகள் ராபர்ட் எய்ட்கனும் தாமஸ் ஜோன்ஸும் இதைக் கலையென ஏற்க மறுத்தனர். அலுவலரின் அறியாமையாக மட்டும் இதைக் கருத இயலாது என்பதற்கு அவ்விருவரின் சாட்சியமே போதும். சிற்பிகளுக்கு உள்ளேயே சிற்பம் எது என்ற பூசல் நிலவியது.

இரண்டாவது கேள்வி தொழில்நுட்பம் சார்ந்தது. திறமையான கம்மியர் ஒருவர் பித்தளைக் கம்பியை எடுத்து வளைத்து மெருகிட்டால் இதேபோன்ற ஒன்றைச் செய்துவிட முடியாதா என அரசு வழக்கறிஞர் எப்ஸ்டீனிடம் வினவினார். கம்மியரால் மெருகிட முடியும்; ஆனால் இவ்வுருவத்தைக் கருக்கொள்ள முடியாது என எப்ஸ்டீன் விடையிறுத்தார். இவ்விடை பெரிதும் போற்றப்படுகிறது. ஆயினும் அது கருத்தை மேலேற்றி மெருகைக் கீழிறக்குகிறது. கருக்கொள்வது கலைஞர் பணி, மெருகிடுவது கம்மியர் பணி என்று பிரிக்கிறது. பாரிஸில் பிரான்குசி அளித்த வாக்குமூலம் அப்பிரிவினையை ஏற்கவில்லை. வார்ப்பு வந்தபின் துளைகளை அடைத்ததும், அரத்தால் திருத்தியதும், மெருகிட்டதும் தம் கையே என்று அவர் கூறினார். அவ்வேலை மிக நீண்டது; முழுப் படைப்பையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்வதற்கு ஒப்பானது; அதனை வேறெவரிடமும் அவர் ஒப்படைப்பதில்லை. படைப்பின் மூலத்தன்மையை அவர் அரத்தின் வேலையிலும் கண்டார்.

1928 நவம்பர் 26 அன்று நீதிபதி வெயிட் தீர்ப்பளித்தார். முந்தைய தீர்ப்புக்குப் பின்னர், இயற்கைப் பொருள்களைப் போலச்செய்வதை விடுத்து அருவக் கருத்துகளை வெளிப்படுத்த முயலும் புதிய கலைப்பள்ளி ஒன்று வளர்ந்துள்ளது என்பதைத் தீர்ப்பு ஏற்றது. அப்பள்ளியின்பால் பரிவு உண்டோ இல்லையோ, அது இருக்கிறது என்பதையும் கலையுலகின்மேல் அதற்குச் செல்வாக்கு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்றது. இப்பொருளைப் பறவையோடு தொடர்புபடுத்துவது கடினமாயினும் காண்பதற்கு அது இனிமையானது. பயன்பாட்டு நோக்கம் இல்லாதது. தொழில்முறைச் சிற்பி ஒருவரின் மூலப்படைப்பு. எனவே வரி இல்லை என்பது முடிவு. நீதிமன்றம் அழகியல் கோட்பாடு எதையும் புதிதாக நிறுவவில்லை. கலை எது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பைக் கலையுலகின் சாட்சியத்திடமும், மூலப்படைப்பு எது என்பதைச் சிற்பியின் உழைப்பிடமும் அது விட்டுவிட்டது. அருவச் சிற்பத்திற்குச் சட்டம் அளித்த இவ்வேற்பு எல்லையுடையது என்றாலும் உறுதியானது.

நீதிமன்றத்தால் தீர்க்கவே இயலாத ஒன்று இருந்தது. சிற்பம் என்பது அதன் இடத்தையும் ஒளியையும் சேர்த்ததே எனில், அவ்விடத்தை யார் தருவது? இக்கேள்விக்கான விடை சில ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வருவதுபோல் தோன்றியது.

இந்தூர் அரசர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1908இல் பிறந்தவர்; ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியுஸைக் கொண்டு 1930களின் தொடக்கத்தில் மாணிக் பாக் என்னும் மாளிகையை நவீன பாணியில் கட்டுவித்தார். ருல்மான், எய்லீன் கிரே முதலிய வடிவமைப்பாளர்களின் அறைகலன்கள் அதில் இடம்பெற்றன. பிரான்குசிக்கு ஒளிப்பட நுட்பம் கற்பித்த அதே மான் ரே அரசரையும் அரசி சன்யோகிதா தேவியையும் படம் பிடித்திருக்கிறார். எழுத்தாளரும் கலைப்பொருள் இடையீட்டாளருமான ஆன்றி-பியர் ரோஷேயின் வழியே அரசருக்குப் பிரான்குசி அறிமுகமானார். மெருகிட்ட வெண்கலப் பறவை ஒன்றை வாங்கிய அரசர், தொடர்ந்து கரும்பளிங்கிலும் வெண்பளிங்கிலும் இரு பறவைகளைச் செய்யப் பணித்தார்.

மூன்று பறவைகளுக்கும் ஒரு தியானக் கோயில் எழுப்பும் திட்டம் அப்போது உருவாயிற்று. விவரங்கள் பலமுறை மாறினாலும் அதன் மையம் மாறவில்லை. நிலத்தடி வழியே நுழையும் சிறிய அறை, நடுவில் நீர், சுற்றிலும் பறவைகள், மேற்கூரைத் திறப்பின் வழியே குறித்த வேளையில் இறங்கி வெண்கலப் பறவையை ஒளிரச் செய்யும் கதிரவன். நியூயார்க் கூக்ககன்ஹைம் காட்சியகத்தில் இன்று உள்ள ‘மன்னர் மன்னன்’ என்னும் உயர்ந்த மரச்சிற்பமும் இக்கோயிலுக்காகக் கருதப்பட்டதே. புத்தரின் ஆன்மா என்னும் பொருள்படவும் அதனைப் பிரான்குசி அழைத்ததுண்டு. திபெத்தியத் துறவி மிலரேபாவின் நூலை எப்போதும் தம்மருகில் வைத்திருந்த அவருக்கு, இத்திட்டம் பணிகளுள் ஒன்றாக இருந்திருக்காது. மெருகிட்ட வெண்கலம் என்னும் அவருடைய நெடுங்காலத் தேட்டத்திற்கு முழுமையான இடம் அது. பறவை, ஒளி, நீர், தனித்து நிற்கும் பார்வையாளர் ஆகிய நான்கும் அவ்வறையில் ஒரே படைப்பாகியிருக்கும்.

1937ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தோரு வயதுச் சிற்பி கப்பலேறி, 1938 சனவரியில் இந்தூர் வந்து சேர்ந்தார். அரசி சன்யோகிதா தேவி 1937லேயே ஐரோப்பாவில் மறைந்திருந்தார். அரசரோடு திட்டத்தை முன்னெடுக்கும் வாய்ப்பு அமையவில்லை. விருந்தினராகத் தங்கியிருந்து, கட்டுமானம் ஏதும் தொடங்காத நிலையில் அம்மாதத்தின் கடைசி வாரத்தில் பிரான்குசி திரும்பிச் சென்றார். கோயில் எழவே இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அதே மாதங்களில் அவருடைய தாய்நாட்டில் நிறைவேறிக்கொண்டிருந்தது. 1916இல் ஜியு ஆற்றங்கரையில் போரிட்டு மாண்ட வீரர்களுக்காக, கோர்ஜ் பெண்கள் சங்கத்தின் முயற்சியால் தர்கு ஜியு நகரில் நினைவிடம் ஒன்று திட்டமிடப்பட்டது. கல்லாலான ‘மௌன மேசை’, ‘முத்த வாயில்’ ஆகியவற்றோடு, ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள ‘முடிவிலாத் தூண்’ ஒரே நேர்கோட்டில் அங்கே அமைந்தது. வார்ப்பிரும்புக் கூறுகளை எஃகுத் தண்டில் கோத்து, பொன்னிற உலோகப் பூச்சிட்டுப் பொறியாளர் ஸ்டெஃபான் ஜார்ஜெஸ்கு-கோர்ஜானின் துணையோடு 1937இல் தூண் நிறுத்தப்பட்டது. 1938 அக்டோபர் 27 அன்று நினைவிடம் திறந்துவைக்கப்பட்டது. அங்கும் இடர் வாராமல் இல்லை. 1950களில் உள்ளூர் ஆட்சியாளர்கள் தூணை இழுத்துச் சாய்க்க முயன்றனர், தூண் அசையவில்லை. 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஊரின் கூட்டு நினைவில் வேரூன்றிய சிற்பம் நிலைத்தது. தனியொரு அரசரின் விருப்பத்தை மட்டும் நம்பிய கோயில் கருவிலேயே நின்றது. ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டை இன்னும் போதிய அளவில் கருதிப் பார்க்கவில்லை.

இறுதி இருபது ஆண்டுகளில் பிரான்குசி புதிதாகச் செய்தவை மிகச் சில. பட்டறைக்குள் சிற்பங்களை இடம்மாற்றி, ஒன்றோடொன்றின் உறவைச் சரிசெய்வதே அவருடைய முதன்மைப் பணியாயிற்று. ஒரு சிற்பம் விற்கப்பட்டால் அதன் பிளாஸ்டர் படியை அவ்விடத்தில் வைப்பார். இடத்தின் ஒழுங்கு குலையக் கூடாது. பட்டறையைத் தாய்நாட்டிற்கு அளிக்க அவர் முன்வந்தபோது 1951இல் ருமேனிய அரசு மறுத்தது. மறு ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். பட்டறையை இருந்த நிலையிலேயே பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். 1957 மார்ச் 16 அன்று மறைந்தார். பாரிஸ் பாம்பிடு மையத்தின் எதிரே 1997இல் மீளமைக்கப்பட்ட பட்டறை, இந்தூரில் அவருக்குக் கிட்டாத இடத்திற்கு ஓரளவு ஈடானது எனலாம்.

அவர் விட்டுச்சென்ற பிளாஸ்டர்களிலிருந்து, உரிமை பெற்றோரின் ஒப்புதலோடு, அவர் மறைவுக்குப் பிறகும் வெண்கலங்கள் வார்க்கப்பட்டன. சட்டத்திற்கு அவை உடன்பாடானவை. ஆனால் 1927ஆம் ஆண்டின் வாக்குமூலத்தை அருகில் வைத்துப் பார்த்தால் நெருடல் எழுகிறது. வார்ப்புக்குப் பின் அரம் பிடித்த கையே படைப்பை மீண்டும் தொடங்குகிறது என்று சிற்பி கூறியது உண்மையாயின், அக்கை தொடாத வெண்கலத்தை என்னவென்று அழைப்பது? வடிவம் அவருடையது, மெருகு பிறருடையது என்று கொண்டால், கருக்கொள்வதையும் மெருகிடுவதையும் பிரித்த பழைய பிரிவினைக்கே நாம் திரும்பிவிடுகிறோம். காட்சியகப் பெயர்ப்பலகைகளில் வார்ப்பாண்டைக் கவனித்துப் படிக்கும் வழக்கம் மாணவர்களுக்கு இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தூர்ப் பறவைகளும் இந்தியாவில் தங்கவில்லை. யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1961இல் மறைந்தார். 1970களில் வெண்கலப் பறவை கலிஃபோர்னியாவின் நார்டன் சைமன் தொகுப்பிற்கும், கரும்பளிங்கு, வெண்பளிங்குப் பறவைகள் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திற்கும் சென்றன. மூன்றும் ஒரே அறையில், ஒரே நீர்ப்பரப்பைச் சூழ்ந்து நிற்கவேண்டியவை. இன்று அவற்றுக்கிடையே பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. அவை வாழவிருந்த மாணிக் பாக் மாளிகை இன்றும் இந்தூரில் நிற்கிறது. அங்கே இயங்குவது நடுவணரசின் சரக்கு சேவை வரி மற்றும் சுங்கத்துறை அலுவலகம்.